நீர் செதுக்கிய பாலை

நுழையும்முன்

பாலை என்றதும் மணலும் வெயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நீர் செதுக்கிய மிக அழகிய சிற்பங்கள் சில பாலை நிலத்தில்தான் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நிலத்தில், சில மணி நேரமே ஓடி மறையும் வெள்ளம் பாறையைக் குடைந்து வியத்தகு வழிகளை உருவாக்கியுள்ளது. அவற்றைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவ்வழிகள் தோன்றிய விதம், அவற்றின் அழகு, அவ்வழகினுள் மறைந்திருக்கும் இடர், அந்நிலத்துக்கு உரிய மக்களின் வாழ்வு ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நிலத்தில் ஒரு கீற்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில் அரிசோனா மாநிலம் அமைந்துள்ளது. அதன் வட எல்லையை ஒட்டிப் பேஜ் என்னும் சிறுநகர் இருக்கிறது. அந்நகருக்குச் சற்றுக் கிழக்கே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், செம்மணலும் குறும்புதர்களும் நிறைந்த வெட்டவெளி பரந்து கிடக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே காணத்தக்கது எதுவும் இருப்பதாகத் தோன்றாது. அருகில் சென்றால்தான் பாறைத் தரையில் ஒரு கீற்றுப் போன்ற பிளவு புலப்படும். ஒருவர் எளிதில் தாண்டிவிடக்கூடிய அகலமே உடைய அப்பிளவின் கீழே, பல மாடிக் கட்டடத்தின் உயர அளவுக்கு ஆழம் உண்டு. அதுவே ஆன்டிலோப் கேன்யன் என்று உலகம் அறிந்த பள்ளத்தாக்கு.

ஆறுகள் நிலத்தை அரித்துப் பள்ளத்தாக்குகளை உருவாக்குவது இயல்பு. அவற்றுள் பெரும்பாலானவை அடியில் குறுகியும் மேலே விரிந்தும் அமையும். சில பள்ளத்தாக்குகளோ அகலத்தைக் காட்டிலும் பன்மடங்கு ஆழம் உடையவை. ஒரு மீட்டர் அகலத்தில் முப்பது மீட்டர் ஆழம் கொண்டவையும் உள்ளன. இவ்வகைக் குறுகிய பிளவுகளைத் தமிழில் எச்சொல்லால் குறிக்கலாம்? மலைப்பிளவைக் குறிக்கச் சங்க இலக்கியம் 'விடர்' என்னும் சொல்லை ஆள்கிறது. ஆகவே இப்பாடத்தில் இவற்றை 'விடர்ப் பள்ளத்தாக்கு' என வழங்குவோம்.

மணல் பாறையான வரலாறு

விடர்ப் பள்ளத்தாக்கு எல்லா நிலத்திலும் தோன்றுவதில்லை. அதற்கு முதலில் ஏற்ற பாறை வேண்டும். ஆன்டிலோப் கேன்யன் அமைந்திருப்பது 'நவாஹோ மணற்பாறை' எனப்படும் பாறை அடுக்கில் ஆகும். இவ்வடுக்கு ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில் உருவானது. அக்காலத்தில் இன்றைய யூட்டா, அரிசோனா மாநிலங்களும் அவற்றை அடுத்த பகுதிகளும் ஒரு பெரும் மணற்கடலாக இருந்தன. காற்று மணலை அள்ளிக் கொணர்ந்து குன்றுகளாகக் குவித்தது. ஒரு குன்றின்மேல் மற்றொரு குன்று நகர்ந்து படிந்தது. இவ்வாறு படிந்த மணலின் தடிமன் சில இடங்களில் 2,000 அடிக்கும் மிகுதி.

பின்னர் அம்மணற்பரப்பின்மேல் வேறு படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அவற்றின் எடை மணலை அழுத்தியது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த கனிமங்கள் மணித்துகள்களின் இடைவெளிகளில் படிந்து, அவற்றைப் பசைபோல் ஒட்டவைத்தன. தளர்ந்த மணல் திண்ணிய பாறை ஆயிற்று. காலப்போக்கில் நிலம் உயர்ந்து, மேலடுக்குகள் அரிக்கப்பட்டு நீங்கவே, புதைந்திருந்த மணற்பாறை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இப்பள்ளத்தாக்கின் சுவர்களில் சாய்ந்தும் வளைந்தும் ஒன்றையொன்று வெட்டியும் செல்லும் நுண்கோடுகளைக் காணலாம். இவற்றை நீரின் அலைத்தடம் என்று பலர் கருதுவர். உண்மையில் அவை பழைய மணற்குன்றுகளின் சரிவுகள். காற்று எத்திசையிலிருந்து வீசியது, குன்று எப்பக்கம் நகர்ந்தது என்பவற்றை அக்கோடுகளைக் கொண்டே நிலவியலாளர் கணிக்கின்றனர். காற்று எழுதிய அவ்வரிகளைப் பிற்காலத்தில் நீர் திறந்து காட்டியிருக்கிறது.

வெள்ளம் என்னும் உளி

பேஜ் நகரைச் சூழ்ந்த பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. இவ்வளவு குறைந்த மழை எவ்வாறு இத்தனை ஆழமான பாறைவழியைக் குடைந்தது? விடை, மழையின் அளவில் இல்லை. அது பெய்யும் முறையில் இருக்கிறது.

கோடையின் பிற்பகுதியில், குறிப்பாக ஜூலை முதல் செப்டம்பர் வரை, அங்கே இடியுடன் கூடிய மழை பெய்கிறது. அது சிறு பரப்பில், குறுகிய நேரத்தில், மிக விசையுடன் கொட்டும். பெரும்பகுதி வெற்றுப் பாறையாக உள்ள நிலம் அந்நீரை உறிஞ்சுவதில்லை. நீரைத் தடுத்து நிறுத்த மரங்களும் இல்லை. ஆகவே பெய்த நீரில் பெரும்பகுதி உடனே சரிந்து ஓடி, வறண்ட ஓடைகளில் சேர்கிறது. பல சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்த நீர் ஒரு குறுகிய பிளவினுள் புகும்போது, அதன் உயரமும் வேகமும் திடீரெனப் பெருகுகின்றன. இதுவே 'திடீர் வெள்ளம்' எனப்படுகிறது.

இவ்வெள்ளம் தனியே வருவதில்லை. மணலையும் கற்களையும் மரக்கட்டைகளையும் அடித்துக்கொண்டு வருகிறது. தச்சர் உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல, நீரில் கலந்த மணல் பாறைச் சுவரைத் தேய்க்கிறது. தடைப்பட்ட இடங்களில் நீர் சுழல்கிறது. அச்சுழலில் சிக்கிய கற்கள் பாறையைக் குழியாகக் கடைகின்றன. பாறையில் முன்பே இருந்த விரிசல்கள் நீருக்கு வழிகாட்டின. அவ்விரிசல்களைப் பற்றிக்கொண்டு நீர் கீழ்நோக்கிக் குடைந்தது.

இங்கு மற்றொரு வினா எழுகிறது. பள்ளத்தாக்கு ஏன் அகலமாகவில்லை? மழை மிகுந்த நாடுகளில் ஆறு அடியை அரிக்கும்போதே, மழையும் வேர்களும் மண்சரிவும் பக்கச் சுவர்களைக் கரைத்து அகலப்படுத்துகின்றன. பாலையிலோ சுவர்களைக் கரைக்கும் ஆற்றல்கள் மிகக் குறைவு. எப்போதாவது வரும் வெள்ளம் அடியை மட்டும் விரைந்து அரிக்கிறது. மணற்பாறையும் அரிக்கப்படும் அளவுக்கு மென்மையாகவும், செங்குத்தாக நிற்கும் அளவுக்கு உறுதியாகவும் இருக்கிறது. இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் விடர்ப் பள்ளத்தாக்கு உருவாகிறது. ஆகவே, பாலையின் வறட்சியும் இவ்வழகுக்கு ஒரு காரணமாகும்.

இவ்வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் பள்ளத்தாக்கின் மணல்தரை சில இடங்களில் உயர்கிறது. சில இடங்களில் தாழ்கிறது. சென்ற ஆண்டு வந்தவர் நடந்த தரையில் இவ்வாண்டு வருபவர் நடப்பதில்லை.

மேல்விடரும் கீழ்விடரும்

ஆன்டிலோப் கேன்யன் ஒரே ஓடையின் வழியில் அமைந்த இரு முதன்மைப் பகுதிகளாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறிமுகமாகியுள்ளது. ஒன்று மேற்பகுதி, மற்றொன்று கீழ்ப்பகுதி. அந்நிலத்துக்கு உரியவர்களான நவாஹோ மக்கள் மேற்பகுதியை, 'பாறைகளினூடே நீர் ஓடும் இடம்' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கீழ்ப்பகுதியின் நவாஹோப் பெயருக்குச் 'சுருண்ட பாறை வளைவுகள்' என்பது பொருள். முற்காலத்தில் கிளைக்கொம்பு உடைய ஒருவகை மான்கள் அங்கே மேய்ந்ததால் ஆங்கிலப் பெயர் ஏற்பட்டது. ஆங்கிலப் பெயர் அங்கு வந்துபோன விலங்கைச் சொல்கிறது. நவாஹோப் பெயர்களோ அவ்விடம் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் அதன் வடிவத்தையும் சொல்கின்றன.

இரு பகுதிகளும் வடிவத்தால் வேறுபட்டவை. மேற்பகுதி அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும். ஏறத்தாழ 120 அடி உயரச் சுவர்களின் உச்சியில் வானம் ஒரு கோடாக மட்டுமே தெரியும். அதன் தரை சமமானது. படியேறாமல் தரைமட்டத்திலேயே உள்ளே நுழையலாம். கீழ்ப்பகுதி இதற்கு மாறானது. அடியில் மிகக் குறுகி, மேலே செல்லச்செல்ல விரிந்திருக்கும். அதனுள் செல்ல நிலமட்டத்திலிருந்து செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும். சில இடங்களில் பக்கவாட்டில் உடலைத் திருப்பித்தான் நகர முடியும். சில இடங்களில் ஒரு காலுக்கு மட்டுமே தரையில் இடம் உண்டு.

ஒளியின் ஆடல்

இப்பள்ளத்தாக்கைப் புகழ்பெறச் செய்தது அதன் நிறம். மணற்துகள்களின்மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடு பாறைக்குச் செந்நிறத்தைத் தருகிறது. எனினும், வெளியே வெயிலில் அதே பாறை மங்கிய செம்பழுப்பாகவே தோன்றும். உள்ளே அது தீக்கொழுந்தாகவும் பொன்னாகவும் ஊதாவாகவும் மாறுவது எவ்வாறு?

உச்சியில் உள்ள பிளவின் வழியே நுழையும் கதிரொளி முதலில் ஒரு சுவரில் படுகிறது. செந்நிறப் பாறை நீல ஒளியைப் பெரிதும் உட்கவர்ந்து, செம்மஞ்சள் ஒளியை எதிரொளிக்கிறது. அவ்வொளி எதிர்ச்சுவரில் பட்டு மீண்டும் எதிரொளிக்கிறது. ஒவ்வொரு முறை எதிரொளிக்கும்போதும் நீலம் குறைந்து செம்மை செறிகிறது. கதிரவனின் நேரொளியும் அதன் எதிரொளியும் சென்றடையாத மூலைகளில், நீலவானின் மெல்லொளி மட்டும் செம்பாறையில் விழுவதால் அவை ஊதாநிறம் கொள்கின்றன. எனவே, ஒரே சுவரில் சில அடி இடைவெளியில் பல நிறங்களைக் காண முடிகிறது. கதிரவன் நகர நகர இந்நிறங்களும் இடம் மாறுகின்றன.

மேற்பகுதியில் மார்ச் மாத நடுவிலிருந்து அக்டோபர் மாதத் தொடக்கம் வரை மற்றொரு காட்சியும் உண்டு. கதிரவன் உச்சிக்கு வரும் நண்பகலில், குறுகிய பிளவின் வழியே ஒளிக்கற்றை தூணைப்போல் தரைவரை இறங்கும். தூய காற்றில் ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து காண இயலாது. காற்றில் மிதக்கும் தூசி ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. இதனை நன்கு உணர்ந்த வழிகாட்டிகள், கைப்பிடி மணலை மேலே வீசி ஒளித்தூணைப் பயணிகளுக்குத் தெளிவாகக் காட்டுவது உண்டு. குளிர்காலத்தில் கதிரவன் தாழ்வாகச் செல்வதால் ஒளித்தூண்கள் தோன்றுவதில்லை.

வழிகாட்டியுடன் ஒரு நடை

1997ஆம் ஆண்டு முதல் ஆன்டிலோப் கேன்யன் நவாஹோ பழங்குடிப் பூங்காவாக விளங்குகிறது. ஒப்புதல் பெற்ற வழிகாட்டி இன்றி எவரும் அதனுள் செல்ல இயலாது. முன்பதிவு செய்துகொண்ட பயணிகள் குறித்த நேரத்தில் கூடுகின்றனர். நேரத்தைக் கேட்டறிவதிலும் அங்கே கவனம் தேவை. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கத்தை நவாஹோ நிலப்பகுதி பின்பற்றுகிறது; அதைச் சூழ்ந்த அரிசோனா மாநிலத்தின் பிற பகுதிகள் பின்பற்றுவதில்லை. ஆகவே, சில கிலோமீட்டர் இடைவெளியில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் வேறுபடும்.

மேற்பகுதிக்குச் செல்வோர் வறண்ட ஓடையின் மணல்வழியே வண்டியில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். குலுங்கிச் செல்லும் அப்பயணத்தின் முடிவில், செம்பாறைச் சுவரில் ஒரு நீண்ட பிளவு நுழைவாயிலாக நிற்கும். உள்ளே நுழைந்த சில அடிகளிலேயே வெயிலின் கடுமை தணிந்து குளிர்ச்சி பரவும். காற்றின் ஓசை அடங்கும். கண்கள் மங்கிய ஒளிக்குப் பழகியபின் சுவர்களின் வளைவுகள் ஒவ்வொன்றாய்த் துலங்கும். வழிகாட்டி பாறைகளில் தோன்றும் உருவங்களைச் சுட்டிக்காட்டுவார். ஒரு திருப்பத்தில் கரடி தெரியும். மற்றொன்றில் காற்றில் கூந்தல் பறக்க நிற்கும் பெண்ணின் முகம் தெரியும். சுவரின் உயரத்தில் சிக்கியிருக்கும் ஒரு மரக்கட்டையையும் அவர் காட்டக்கூடும். அது அங்கே எவ்வாறு சென்றது என்று எண்ணிப் பார்ப்பவருக்கு வெள்ளம் எழுந்த உயரம் விளங்கும்.

பயணிகளுக்கான விதிகள் கண்டிப்பானவை. பெரிய பைகளுக்கும் ஒளிப்படக் கருவியின் முக்காலிக்கும் பறக்கும் படக்கருவிகளுக்கும் இசைவு இல்லை. சுவரில் பெயர் கீறுதல் கூடாது. கல்லையோ மணலையோ எடுத்துச் செல்லுதலும் கூடாது. மணற்பாறை தோற்றத்தில் உறுதியானது எனினும், ஒரு சாவியின் முனைகூட அதில் தழும்பை ஏற்படுத்திவிடும். வெள்ளம் நூற்றாண்டுகளாக இழைத்த வளைவை ஒரு நொடியில் சிதைத்துவிட முடியும்.

நவாஹோ முதியோர் இத்தகைய இடங்களுக்குள் நுழையும்முன் சற்று நிற்பது வழக்கம். வழிபாட்டிடத்துக்குள் செல்வோர்போல மனத்தை ஒருமுகப்படுத்திக்கொண்ட பின்னரே அவர்கள் உள்ளே அடியெடுத்து வைப்பர்.

தெளிந்த வானமும் திடீர் வெள்ளமும்

விடர்ப் பள்ளத்தாக்கின் அழகை உருவாக்கிய ஆற்றலே அதன் பேரிடராகவும் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், கீழ்ப்பகுதியினுள் இருந்த பயணிகளைத் திடீர் வெள்ளம் சூழ்ந்தது. பல கிலோமீட்டர் தொலைவில், ஓடையின் மேற்பகுதியில் பெய்த இடிமழையே அதற்குக் காரணம். பயணிகள் நின்ற இடத்தில் மழை மிகச் சிறிதளவே பெய்திருந்தது. அங்கு அந்நாளில் இருந்த மர ஏணிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. பதினொரு பயணிகள் உயிரிழந்தனர். அக்குழுவில் உயிர்பிழைத்தவர் அவர்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி ஒருவரே. இறந்தோருள் பெரும்பாலோர் பிரான்சு நாட்டிலிருந்து வந்தவர்கள்.

இத்துயரத்தின் பாடம் தெளிவானது. பள்ளத்தாக்கினுள் நிற்பவரின் தலைக்குமேல் தெரியும் வானத்துண்டு, அவரை நோக்கி வரும் நீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கவனிக்க வேண்டும். சுவர்கள் செங்குத்தானவை, ஏறித் தப்ப இடமில்லை. ஆகவே, வெள்ளம் வந்தபின் செய்யத்தக்கது மிகக் குறைவு. வரும் முன்னரே வெளியேறுவது ஒன்றே வழி.

அந்நிகழ்வுக்குப் பின்னர் மர ஏணிகளுக்கு மாறாகப் பாறையில் பிணைத்த இரும்புப் படிகள் அமைக்கப்பட்டன. வானிலை அறிவிப்புகளைப் பெறும் வானொலிக் கருவிகளும் எச்சரிக்கை ஒலிப்பான்களும் வைக்கப்பட்டன. தொலைவில் இடிமேகம் திரண்டாலும் பயணம் நிறுத்தப்படுகிறது. கடல்கடந்து வந்த பயணிக்கு அது பெரும் ஏமாற்றமே. ஆயினும், 'இன்று செல்ல இயலாது' என்று கூறும் உறுதியே நல்ல வழிகாட்டியின் முதல் தகுதி. 2006ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த பெருவெள்ளத்துக்குப்பின் கீழ்ப்பகுதி ஐந்து திங்கள் மூடப்பட்டிருந்தது.

எச்சரிக்கை மட்டும் உயிர்காப்பதில்லை. அதனை ஏற்று நடப்பதே காக்கும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், யூட்டா மாநிலத்தின் சீயோன் தேசியப் பூங்காவில் உள்ள கீஹோல் கேன்யன் என்னும் விடர்ப் பள்ளத்தாக்கில் எழுவர் வெள்ளத்தில் இறந்தனர். அன்று வெள்ளம் வரக்கூடும் என்னும் எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது.

தெரிந்து தெளிவோம்

ஜோர்டான் நாட்டில் உள்ள பெட்ரா என்னும் பழம்பெரும் நகருக்குச் செல்லும் வழி, 'சிக்' எனப்படும் ஒரு குறுகிய பாறைப்பிளவு ஆகும். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பிளவு, நில அசைவால் பாறை பிளந்து பின்னர் நீரால் வழுவழுப்பாக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வாழ்ந்த நபாத்தியர், வெள்ளத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர். பிளவின் வாயிலில் அணை கட்டி, பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வெள்ளத்தை வேறுபக்கம் திருப்பினர். பிற்காலத்தில் அவ்வணை சிதைந்தது. 1963ஆம் ஆண்டு அப்பிளவில் புகுந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தனர். அதன் பின்னரே அணை மீண்டும் கட்டப்பட்டது.

நிலத்துக்கு உரியோர்

ஆன்டிலோப் கேன்யன் அமைந்துள்ள நிலம் நவாஹோ மக்களுக்கு உரியது. இவர்கள் தம்மைத் 'தினே' என்று அழைத்துக்கொள்கின்றனர். அதற்கு 'மக்கள்' என்பது பொருள். அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நவாஹோ நாடு விரிந்துள்ளது. அமெரிக்கப் பழங்குடியினருக்கு உரிய நிலப்பகுதிகளுள் இதுவே மிகப் பெரியது. தமக்கென ஓர் அரசும் சட்டமன்றமும் நீதிமன்றங்களும் இவர்களுக்கு உண்டு.

இந்நிலம் அவர்களிடம் எளிதாக நிலைத்துவிடவில்லை. 1864ஆம் ஆண்டு அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கான நவாஹோ மக்களைத் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நியூ மெக்சிகோவின் கிழக்கில் இருந்த ஒரு முகாமுக்கு நடத்திச் சென்றனர். வழியிலும் முகாமிலும் பசியாலும் குளிராலும் நோயாலும் பலர் மாண்டனர். 'நெடுநடை' என்று அம்மக்கள் இன்றும் அதனை நினைவுகூர்கின்றனர். 1868ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கைக்குப்பின் அவர்கள் தாயகம் திரும்பினர். இடம்பெயர்க்கப்பட்ட பழங்குடியினர் பலருக்குக் கிட்டாத வாய்ப்பு அது.

இவ்வரலாற்றை அறிந்தவருக்கு, 'வழிகாட்டி இன்றி நுழையக் கூடாது' என்னும் விதி வேறொரு பொருளும் தரும். அது பயணியின் உயிரைக் காக்கும் விதி. அதனோடு, தம் நிலத்தில் எவர், எப்போது, எவ்வாறு நடக்கலாம் என்பதைத் தாமே முடிவு செய்யும் ஒரு மக்களின் உரிமையுமாகும்.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்று தன் செய்திகளை மறைமொழியில் அனுப்ப நவாஹோ மொழியைப் பயன்படுத்தியது. 1942ஆம் ஆண்டு 29 நவாஹோ இளைஞர்கள் இம்மறைமொழியை உருவாக்கினர். பள்ளிகளில் பேசக்கூடாது என்று தடுக்கப்பட்ட அதே மொழி, போர்க்களத்தில் பகைவரால் அறிய இயலாத காப்பாக விளங்கியது.

காட்சியும் வாழ்வும்

பேஜ் நகருக்கு அருகில் நிலக்கரியால் இயங்கிய பெரிய மின்நிலையம் ஒன்று இருந்தது. 2,250 மெகாவாட் திறனுடைய அந்நிலையத்தின் பணியாளர்களுள் பெரும்பான்மையோர் நவாஹோ மக்கள். 2019ஆம் ஆண்டு நவம்பரில் அது மூடப்பட்டது. காற்று மாசு குறைந்தது; ஆனால், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வருவாயும் நின்றது. இந்நிலையில் சுற்றுலா வருவாய் முன்னிலும் இன்றியமையாததாயிற்று. அடுத்த ஆண்டே பெருந்தொற்று பரவியது. நவாஹோ அரசு 2020ஆம் ஆண்டு மார்ச்சில் தன் பூங்காக்களை மூடியது. ஆன்டிலோப் கேன்யன் மீண்டும் திறக்கப்பட்டது 2021ஆம் ஆண்டு ஜூலையில்தான். வருவாயைவிட முதியோரின் உயிர் பெரிது என்று கருதியே அம்மக்கள் அந்நீண்ட இழப்பைத் தாங்கினர். அவர்தம் மொழியையும் சடங்குகளையும் கதைகளையும் நினைவில் காத்துவருவோர் அம்முதியோரே.

பெருந்தொற்றுக் காலத்தில் மற்றோர் உண்மையும் வெளிச்சத்துக்கு வந்தது. கைகளை அடிக்கடி கழுவுமாறு உலகெங்கும் அறிவுறுத்தப்பட்டது. ஆனால், நவாஹோ நாட்டின் இல்லங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்குக் குழாய்நீர் வசதியே இல்லை. பல குடும்பங்கள் தொலைவிலிருந்து வண்டிகளில் நீர் கொணர்ந்து, தொட்டிகளில் நிரப்பி, அளந்து பயன்படுத்துகின்றன.

ஆன்டிலோப் ஓடையின் வெள்ளம் சென்று சேரும் இடம் பவல் ஏரி. கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணையால் உருவான நீர்த்தேக்கம் அது. அவ்வணை கட்ட வந்த தொழிலாளர்களின் குடியிருப்பாகவே 1957இல் பேஜ் நகர் தோன்றியது. அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று அருகிலேயே இருந்தும், நவாஹோ இல்லங்கள் பல நீருக்கு ஏங்குகின்றன. நீருரிமை வேண்டி நவாஹோ நாடு தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை, அம்மக்களுக்கு நீரைப் பெற்றுத்தருவதற்கான நடவடிக்கைகளை எடுக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்தவில்லை என்று 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நீதிபதிகளின் கருத்து பிரிந்திருந்தது.

காண்பதற்குரிய முறை

2014ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கின் ஒளித்தூணைக் காட்டும் ஒரு கறுப்பு வெள்ளை ஒளிப்படம் 65 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டதாக அதனை எடுத்த கலைஞர் பீட்டர் லிக் தரப்பில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய செய்திகளும் இணையத்தில் பரவிய படங்களும் பயணிகளின் எண்ணிக்கையைப் பெருக்கின. பலர் தாம் முன்பே படத்தில் கண்டதை மீண்டும் ஒரு படமாக எடுத்துச் செல்லவே வருகின்றனர். குறுகிய வழியில் ஒரு குழு நகர்ந்தால்தான் அடுத்த குழு நுழைய முடியும். எனவே, படம் எடுக்கும் விரைவில் பாறையைப் பாராமலே திரும்புவோரும் உண்டு.

ஓர் இடத்தை அறிவதற்கு அதன் தோற்றத்தைக் காண்பது தொடக்கம் மட்டுமே. அது எவ்வாறு உருவாயிற்று, அதனால் யார் வாழ்கின்றனர், அங்கே யார் எதை இழந்தனர் என்னும் வினாக்களுடன் செல்பவருக்கு அதே சுவர்கள் மேலும் பலவற்றைச் சொல்கின்றன. பாறையின் சாய்வரிகளில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காற்றின் திசை இருக்கிறது. வழுவழுத்த வளைவுகளில் வெள்ளத்தின் விசை இருக்கிறது. உயரத்தில் சிக்கிய மரக்கட்டையில் எச்சரிக்கை இருக்கிறது. முன்னே நடக்கும் வழிகாட்டியின் சொற்களில், வெளியேற்றப்பட்டும் திரும்பி வந்த ஒரு மக்களின் வரலாறு இருக்கிறது. அவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது, வழியில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிச் செல்ல வேண்டியவராகவும் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் கண்ட ஓர் ஆறு, ஓடை அல்லது அருவி தான் செல்லும் வழியிலுள்ள பாறையை எவ்வாறு மாற்றியுள்ளது என்பதை உற்றுநோக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'சுற்றுலாத் தலங்களில் விதிகள் பயணியின் உரிமையைக் குறைக்கின்றனவா, காக்கின்றனவா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் பகுதிக்கு வரும் பயணியருக்கு நீங்கள் வழிகாட்டியாகச் செல்வதாகக் கொண்டு, ஓர் இடத்தின் இயற்கை, வரலாறு, மக்கள் வாழ்வு ஆகியவற்றை விளக்கும் உரையொன்றை உருவாக்குக.

சிந்தனை வினாக்கள்

1. மழை குறைந்த நிலத்தில் விடர்ப் பள்ளத்தாக்குகள் தோன்றுவதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. ஒரே நிறமுடைய பாறை, பள்ளத்தாக்கினுள் பல நிறங்களில் தோன்றுவது ஏன்?

3. 'தலைக்குமேல் தெரியும் வானத்துண்டு, வரும் நீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது' – 1997ஆம் ஆண்டு நிகழ்வைக் கொண்டு விளக்குக.

4. நவாஹோ மக்களின் வாழ்வில் நீர் ஆக்கமாகவும் அழிவாகவும் இல்லாமையாகவும் விளங்குவதைக் கட்டுரைவழி நிறுவுக.